மீதியை வெண்திரையில் காண்க

என் கூட்டாளிக்கு,

இன்று பிற்பகல் என் மேசைமேல் ஒரு கட்டுப் பாட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். மட்டமான தாள், மை வாடை, மூலையில் மடங்கிப்போன கதாநாயகி முகம். நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இந்த வருஷம் படிப்பு முடிக்கிற பிள்ளைகள். "பட்டமளிப்பு அன்னிக்குச் சாயங்காலம் கொண்டாட்டம் வைக்கிறோம் சார். கேக்கறவங்களுக்கு ஊக்கம் வர்ற மாதிரி சினிமாப் பாட்டு, நாடகப் பாட்டு நாலஞ்சு பொறுக்கிக் குடுங்க. அந்தக் காலத்துல நீங்க ஆர்மோனியம் வாசிச்சீங்களாமே?" என்றாள் ஒரு பெண். அந்தக் காலமாம்! பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் நான் கிழவனாகிவிட்டேன், பார். வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர்கள் போன பிறகு ஒரு புத்தகத்தை எடுத்து மூக்கருகே பிடித்தேன். அவ்வளவுதான். நீ வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய்.

நாம் இரண்டு பேரும் அப்போது ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில் ஒரே அறையில் இருந்தோம். உன் வீடு செம்பவாங்கில், கப்பல்தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில். உன் அப்பா அங்கே பட்டறையில் வேலை. துரையின் கையைக் காலைப் பிடித்து உனக்கும் அதே பட்டறையில் ஓர் இடம் வாங்கி வைத்திருந்தார். நீயோ வாத்தியாராகத்தான் போவேன் என்று இந்தக் கல்லூரியில் வந்து சேர்ந்துவிட்டாய். அன்றோடு அவர் உன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். மாதத்துக்கு ஒரு தடவை நீ வீட்டுக்குப் போனால் அம்மாவைப் பார்த்துத்தான் பேசுவார். "அவனைச் சாப்பிடச் சொல்லு. அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வை." நீ ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பாய். திரும்பி வந்து இதையெல்லாம் எனக்கு நடித்துக் காட்டிச் சிரிப்பாய். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாய். சிரிப்புக்கும் படுக்கைக்கும் நடுவில் உன் முகம் என்ன பாடுபட்டது என்று எனக்குத் தெரியும்டா.

நம் வருஷத்துக் கொண்டாட்டத்துக்குப் பாட்டுத் தேடும் வேலை நம் தலையில் விழுந்தது. தமிழ்ப் பகுதித் தலைவர் கூப்பிட்டு உட்காரவைத்து நிபந்தனை போட்டார். காதல் கூடாது, கடவுள் கூடாது, கட்சி கூடாது, அழுகை கூடாது. நாம் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினோம். வெளியே வந்ததும் நீ, "அப்ப சோப்பு விளம்பரப் பாட்டுதான் மிச்சம் லா" என்றாய். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. அந்த நாலையும் கழித்துவிட்டால் தமிழ்ப் படத்தில் என்ன பாட்டு மிஞ்சும்?

படம் பார்த்துப் பொறுக்க நமக்கு வசதி ஏது? கொட்டகை வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகம்தான் நமக்குப் படம். வரியை அதில் படிப்போம், மெட்டைச் சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடை வானொலியில் பிடிப்போம். ஒரு கோப்பை காப்பியை ஆறவைத்து, ஏடு கட்டவைத்து, அந்தப் பாட்டு வரும்வரை உட்கார்ந்திருப்போம். கடைக்காரர், "தம்பிங்களா, காப்பி குடிக்க வந்தீங்களா, காவல் காக்க வந்தீங்களா?" என்பார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். அப்பன் பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான், பிள்ளை பட்டணம் போகிறான், அங்கே... அதோடு நிறுத்திவிடுவார்கள். மீதியை வெண்திரையில் காண்க! மீதியைக் காணாமலேதான் நாம் அத்தனை பாட்டையும் கற்றுக்கொண்டோம். நம்மைப் போல எத்தனை பேர் அப்படி!

உழைப்பைப் பற்றி ஒரு சினிமாப் பாட்டு, ஊரிலிருந்து கப்பலில் வந்து ஆடிய நாடகக் கம்பெனியின் கல்விப் பாட்டு ஒன்று. இரண்டையும் எல்லோரும் சேர்ந்து பாடுவது என்று முடிவாயிற்று. தனிப் பாட்டு உன்னுடையது. விடிந்துவிட்டது, எழுந்திரு மகனே, உன் பாதையில் நட, திரும்பிப் பார்க்காதே என்று ஓர் அப்பன் மகனுக்குச் சொல்கிற பாட்டு. தலைவர் சிவப்புப் பென்சிலோடு வரிவரியாகப் படித்தார். காதல் இல்லை, கடவுள் இல்லை, கட்சி இல்லை, கண்ணீர் என்ற சொல்லே இல்லை. "பட்டமளிப்புக்கென்றே எழுதியதைப் போல இருக்கிறது" என்று மெச்சிக்கொண்டார். பாவம், அவரும் படம் பார்க்காத மனிதர்.

அந்தப் பாட்டை நீ ஏன் பிடித்துக்கொண்டாய் என்று ஒருநாள் கேட்டேன். ஆர்மோனியத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாய்: "அம்மா எப்படியாச்சும் அவரை இழுத்துட்டு வந்துருவாங்க. இந்தப் பாட்டைக் கேட்டா, ஒரு அப்பன் இப்படியும் பேசலாம்னு அவருக்குத் தோணாதா? எனக்கு வேற எதுவும் வேணாம்டா. ஒரே ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்து, வாடான்னு கூப்பிடணும்." சான்றிதழோ வேலையோ உனக்குப் பெரிதாக இல்லை. அந்த ஒரு 'வாடா'வுக்காகத்தான் நீ தொண்டை கட்டும்வரை பழகினாய்.

அவர் வந்தார். மண்டபத்தில் நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, எந்த நிமிஷமும் போய்விடுகிறவர் மாதிரி கதவோரம் நின்றார். நீ பாட ஆரம்பித்தாய். இரண்டாவது அடியிலேயே முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனார்கள். ஒரு அம்மா தேம்பியே விட்டார். நான் முட்டாள், எவ்வளவு உருக்கமாகப் பாடுகிறான் என் கூட்டாளி என்று பெருமையில் கட்டையை இன்னும் அழுத்தி வாசித்தேன். தலைவர் மேடை ஓரத்திலிருந்து, "என்னப்பா இது? ஏன் அழுகிறார்கள்?" என்று என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அப்போது உன் அப்பா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வருவதைப் பார்த்தேன். என் விரல் நின்றுவிட்டது. நீ மட்டும் ஆர்மோனியம் இல்லாமல் இன்னும் ஓர் அடி பாடினாய், நினைவிருக்கிறதா? மேடைக்குக் கீழே வந்து நின்று, "போதும்டா. நிறுத்து" என்றார். உன் முகம் வெளுத்தது. சினிமாப் பாட்டு பாடியதற்குக் கோபம் என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் கையை நீட்டினார்.

"கீழ வாடா, ராசா. நான் உசிரோட இருக்கறப்ப நீ அந்தப் பாட்டைப் பாடக் கூடாது. வா, எங்கிட்ட வா."

நீ மேடைப்படியைத் தேடவில்லை. அப்படியே குதித்துவிட்டாய்.

பிறகு கேசரி சாப்பிடும்போது, தேம்பிய அந்த அம்மாதான் மீதிக் கதையைச் சொன்னார். "துரத்தின மகன் பட்டணத்துல செத்துப் போயிருவான் தம்பி. அவனைத் தூக்கிட்டுப் போறப்ப அப்பன்காரன் முன்னால நடந்துகிட்டே பாடுவான். அதைப் போய் இங்க பாடுறீங்களே, அறிவிருக்கா?" செம்பவாங்கில் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது உன் அப்பா அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்த ராத்திரி சாப்பிடவில்லை என்று உன் அம்மா சொன்னார். தலைவர் நம் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். நீ ஒன்றையும் காதில் வாங்காமல், வாயெல்லாம் பல்லாக நின்றாய்.

அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. பட்டறைக் கதை, பள்ளிக்கூடக் கதை, உனக்குப் பார்க்கிற பெண்ணின் கதை. "மனுசன் அறுக்கறாருடா" என்று நீ அலுத்துக்கொள்வாய். அந்த அலுப்பில் எவ்வளவு சந்தோஷம்! ஏழெட்டு வருஷம் இருக்குமா? அதற்குள் மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கண்ணும் நகமும் மஞ்சளாகிக் கிடந்தபோது அவர் கட்டிலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். நினைவு தப்பிய பிறகும் பேசினார். தாதி வந்து, "அவருக்குக் கேக்காதுங்க" என்றாள். "கேக்கும்மா. எம்பேச்சு அவனுக்குக் கேக்கும்" என்றார். எல்லாம் முடிந்து உன்னைத் தூக்கியபோது அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. யாரும் பாடவும் இல்லை. எனக்கு மட்டும் அந்தப் பாட்டு நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செம்பவாங்குக்குப் போகிறேன். அம்மா மீன் வறுப்பார். அப்பா என்னை உட்காரவைத்துப் பேசுவார். போன வாரம் இந்த விழாவைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள் பாட்டுக் கேட்கப்போகிறார்கள், இந்தத் தடவை படத்தையும் பார்த்துவிட்டுத்தான் பொறுக்கவேண்டும், பழைய மாதிரி அழவைத்துவிடக் கூடாது என்றேன். அவர் இலையோரம் மீன் முள்ளை ஒதுக்கினார். பிறகு சொன்னார்:

"அழுகைப் பாட்டு ஒண்ணு வைங்க, தம்பி. அன்னிக்கும் எவனாச்சும் ஒரு அப்பன் கதவோரம் வாயை மூடிக்கிட்டு நிப்பான். அவன் பேசட்டும்."

வைக்கிறேன் அப்பா என்றேன். ஆமாம்டா, அவரை நானும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து, என் முகத்தைப் பார்த்து, "அடுத்த வாரமும் வாடா" என்கிறார். நீ தொண்டை கட்டப் பாடி வாங்கிய சொல் அது. வாரம் தவறாமல் எனக்குக் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறேன்.