அம்மாவுக்கு வைத்த தட்டு

மிலான்
நவம்பர் 3

அன்புத் தங்கை சொராய்தாவுக்கு,

அக்கா எலோடியா எழுதுகிறேன். நலமா என்று கேட்கக்கூட வாய் கூசுகிறது. மூன்று மாதமாகப் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது கிழிக்காமல் படி.

அம்மா அடக்கத்துக்கு நான் வராதது தப்புதான். இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். இப்போது பெருவுக்குப் போனால் திரும்பி வருவது சந்தேகம் என்றார் வக்கீல். பயந்துவிட்டேன். "பெட்டி தூக்க ஊரே வந்துச்சு, நின்னு அழ நான் ஒருத்திதான்" என்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது.

நேற்று இறந்தவர்கள் நாள். நான் பார்த்துக்கொள்ளும் இத்தாலியக் கிழவியின் வீட்டில் அம்மாவுக்குப் படைக்க முடியுமா? அதனால் மதியம் நம் நாட்டு க்ளொரிந்தா நடத்தும் உணவகத்துக்குப் போனேன். கறி அடைத்த ரொகோட்டோ மிளகாய் இரண்டு தட்டு சொல்லி, ஒன்றை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். நம் ஊர் அரேகிப்பாவில் ஞாயிறுதோறும் அம்மா செய்வாளே, அதே மணம்.

பரிமாறும் இத்தாலியப் பெண் வந்து, "வர வேண்டியவங்க வரலியா? பொட்டலம் கட்டித் தரட்டுமா?" என்று தட்டை எடுத்துவிட்டாள். க்ளொரிந்தா கல்லாவிலிருந்தே கத்தினாள்: "வைடி அங்க! அவங்க அம்மா இன்னும் சாப்பிடல."

அழுதுவிட்டேன், சொராய்தா.

க்ளொரிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெருவோட வடக்குக் கடலோரத்துக்காரி, நானே இந்தக் காரத்துக்கு அலறுவேன். உங்கம்மா தாங்குவாங்களா?" என்றாள். "அரேகிப்பாக்காரின்னா சும்மாவா?" என்று பீற்றிக்கொண்டேன். சொல்லி வாய் மூடவில்லை, போன வருடம் நீ போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. "அம்மா காரம் தொட்டு ஆறு வருஷமாச்சுக்கா, வயிறு எரியுதாம்." அப்போது கிழவி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சரி சரி என்று வைத்துவிட்டேன்.

தட்டை என் பக்கம் இழுத்தேன். "ஐயோ, அது அவங்களுக்கு!" என்று கையைப் பிடித்தாள் க்ளொரிந்தா. ஒத்துக்கொள்ளாது என்றேன். "அப்ப வேற என்ன பிடிக்கும்? சொல்லு, நானே செஞ்சு தர்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகளுக்குத் தெரியவில்லை. க்ளொரிந்தா நின்றுகொண்டே இருந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வைக்கச் சொன்னேன்.

நீ என்னோடு பேச வேண்டாம். உன் கோபம் நியாயம்தான். அம்மா கடைசிக் காலத்தில் எதை ஆசையாகச் சாப்பிட்டாள் என்று மட்டும் ஒரு வரி எழுது. அடுத்த நவம்பரிலும் அவள் பசியோடு எழுந்து போகக் கூடாது.

மாதா உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. உனக்கு இப்போது என்ன பிடிக்கும் என்பதையும் எழுது.

உன் அக்கா,
எலோடியா