அப்பாவுக்கு வந்த கண்ணாடி

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உன் சுகமும் அப்படியே இருக்கட்டும். போன் இருக்கும்போது எதற்குக் காகிதத்தைக் கிறுக்குகிறாள் என்று சிரிப்பாய், சிரி. இந்த வீட்டில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாதபடி செய்தவனே நீதான். பேனாவாவது சத்தம் போடாது. நீ அனுப்பிய அந்த மகா கண்ணாடி வந்து சேர்ந்துவிட்டது.

பெட்டியைப் பிரித்தால் கண்ணாடி கொஞ்சம், அட்டை ஏராளம். காதில் மாட்டும் பகுதி கட்டைவிரல் தடிமன், போட்டுக்கொண்டால் உன் அப்பா வெல்டிங் வேலைக்குக் கிளம்பியவர் போல இருக்கிறார். தெருமுனை போன் ரிப்பேர்காரர் வந்து போனோடு இணைத்துக் கொடுத்தார், கூடவே பெரிய பிரசங்கம். உள்ளே கடுகளவு புரொஜெக்டர் இருக்கிறதாம், அது விடும் வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே ஓடிக் கண்ணுக்கு வருகிறதாம், அதனால் எதிரே சுவரும் தெரியும், சுவருக்கு முன்னால் எழுத்தும் மிதக்கும். நாம் பேசுவதை மைக் பிடித்துப் போனுக்கு அனுப்ப, போன் அதை எழுத்தாக்கித் திருப்பி அனுப்புமாம். மற்றவர்கள் இதில் வழி பார்க்கிறார்களாம், ரோட்டின் மேலேயே அம்புக்குறி விழுமாம், ஃபாக்டரியில் எந்த நட்டை முறுக்குவது என்று மெஷின் மேலேயே காட்டுமாம். நட்டு எதுன்னு தெரியாதவனை எதுக்கு வேலைக்கு வச்சாங்க என்று கேட்டேன், மனிதர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

சரி, பட்டறை இரைச்சலில் காதைத் தொலைத்த உன் அப்பா, படித்தாவது நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். அந்தக் கண்ணாடிக்கோ யார் பேசுகிறார்கள் என்ற விவஸ்தையே கிடையாது. டிவி சீரியலில் ஒருத்தி இன்னிக்கு உன் கதையை முடிக்கிறேன் என்று பல்லைக் கடித்த நேரம் பார்த்து நான் காப்பியோடு எதிரே போனேன், எழுத்து என் முகத்துக்குக் கீழே வந்து நின்றிருக்கிறது. உன் அப்பா டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரை முணுமுணுவென்று திட்டாமல் நான் பாத்திரம் துலக்கியதில்லை, அதையும் இப்போது எழுத்தெண்ணிப் படிக்கிறார். உன் வாய்க்கு இதுல இடம் பத்தலடி என்று கிண்டல் வேறு.

அதெல்லாம் போகட்டும், உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் நீ கூப்பிட்டபோது பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியக்கூடாததை எல்லாம் அவர் முன்னாலேயே உரக்கப் பேசிப் பழகிய குடும்பம்தானே நாம். நீயும் வாய் கூசாமல், இந்த வருஷமும் வர முடியாதும்மா, அப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்க, கண்ணாடி இருக்குல்ல, கொஞ்ச நாள் அதுலயே பொழுது போயிடும் என்றாய். நான் நிமிர்ந்தேன். எதிரே கண்ணாடியோடு அவர். நீ சொன்னது மொத்தமும் அவர் கண் முன்னால் ஓடி முடிந்திருந்தது. நீ வருவாய் என்று காலையிலிருந்து உன் அறை ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுச் சற்று உட்கார்ந்திருந்தவர், எழுந்து போய் பிரஷ்ஷைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். ஜன்னல் பாதி வெள்ளை, பாதி பழைய பச்சையாக நிற்கிறது.

பெற்றவர் முகத்தைப் பார்க்க வருவதற்குப் பதில் பார்சல் அனுப்புகிற கெட்டிக்காரத்தனத்தை எங்கே கற்றாய்? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இதையும் கேள். அந்தச் சனியன் பேச்சை மட்டும் எழுதுவதில்லை, குக்கர் விசில், நாய் குரைப்பு எல்லாவற்றையும் எழுதும். பக்கத்து வீட்டில் அலமாரி செய்யத் தச்சர் வந்திருக்கிறார். அவர் ஆணி அடிக்கும்போதெல்லாம் கதவு தட்டும் சத்தம் என்று எழுதுகிறது. உன் அப்பா எழுந்து போய்க் கதவைத் திறந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வருகிறார். தச்சருங்க, போகாதீங்க என்று கண்ணாடிக்கு எதிரே நின்றே சொன்னேன். படித்தார், தலையை ஆட்டினார். அடுத்த ஆணிக்கும் போனார். நீ வரமாட்டாய் என்று தன் கண்ணாலேயே படித்த மனிதர்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நன்றாக இரு, அதில் எங்களுக்குக் குறையில்லை. இன்னும் புதிதாக ஏதாவது வந்திருந்தால் அது கடையிலேயே இருக்கட்டும். தச்சர் வேலை இந்த வாரத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு கதவு தட்டும் சத்தம் என்று எழுத்து வந்தால், அது நீயாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்
அம்மா