நாற்பது ‘இல்லை’

பிப்ரவரி 4, புதன்

கிளினிக்கின் முன்மேஜைப் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். புது ஆள் வரும்வரை நானே உட்காருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். என் கடைக்கும் அவள் கிளினிக்குக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. இந்தப் பக்கம் நான் பல் டாக்டர்களுக்கு வேண்டிய சாமான் விற்கிறேன். அந்தப் பக்கம் அவள் அதை வைத்துப் பல் பிடுங்குகிறாள். மாடியில் வீடு. முப்பது வருஷம் சைக்கிளில் பை மாட்டிக்கொண்டு அலைந்தவன் கட்டின கட்டடம் இது. ஒரு மேஜையைப் பார்த்துக்கொள்ள முடியாதா?

ஊரெல்லாம் ஒரு வைரஸ் காய்ச்சல். இருமல், மூச்சிரைப்பு. அதற்காக மகள் ஒரு தாள் அடித்து வைத்திருக்கிறாள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா என்று ஆறு கேள்வி. வாய்விட்டுக் கேட்டு, அவர்கள் பதில் சொன்ன பிறகுதான் டிக் போட வேண்டுமாம். “அவசரப்படாதீங்கப்பா. மூஞ்சியப் பாத்துக் கேளுங்க” என்றாள்.

ஆளுக்கு மூன்று நிமிஷம். கூட்டம் வாசல்வரை நின்றது.

பிப்ரவரி 5, வியாழன்

நேற்று இருபத்தாறு பேரைக் கேட்டேன். இருபத்தாறு பேரும் ‘இல்லை’. பல்வலியோடு வந்தவன் வேறு என்ன சொல்வான்? அதனால் இன்று காலை திறப்பதற்கு முன்னாலேயே நாற்பது தாளை எடுத்து, ஆறு கேள்விக்கும் ‘இல்லை’யில் டிக் போட்டு அடுக்கிவிட்டேன். வருகிறவருக்குக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினால் போதும். வரிசை மளமளவென்று நகர்ந்தது.

“என்னப்பா மாயம் பண்ணீங்க?” என்றாள் மகள்.

“தொழில் ரகசியம்” என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். கன்னத்தில் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்த மாதிரி வீக்கம். கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டார், உள்ளே போனார். நாற்பது நிமிஷம் டிரில் சத்தம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்காவுக்குக் காய்ச்சல். மகள் டிரில் பிடிக்கும்போது பக்கத்தில் நின்று, நோயாளி வாயில் எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சுகிற சக்‌ஷன் குழாய் பிடிக்கிற அம்மாள். மகள் அக்கா என்று கூப்பிடுவதால் எங்கள் எல்லோருக்கும் அக்கா. கிளினிக் திறந்த முதல் நாளிலிருந்து இருக்கிறாள். ஒரு நாள் லீவு கேட்டதில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

மகளுக்கும் காய்ச்சல். கிளினிக்கைப் பூட்டினோம். சாயங்காலம் எனக்குத் தொண்டையில் முள் குத்துகிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

மூன்று பேருக்கும் டெஸ்ட். மூன்று பேருக்கும் அதேதான்.

மகள் மாடியில் மூலை அறையில். நான் கீழே, கடைக்குப் பின்னால் சாமான் அறையில். வீட்டுக்காரி நடுவில். “மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. நான் வெறும் மாடிப்படி” என்கிறாள். கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று கத்துகிறாள்.

“மாஸ்க் மூட்டைக்கு நடுவுல படுத்துக்கிட்டு இதை வாங்கியிருக்கீங்க. வெளிய சொல்லிடாதீங்க, ஒருத்தன் வாங்க மாட்டான்!”

சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அவள் முகம் மாறினதை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன்.

பிப்ரவரி 11, புதன்

என்னைச் சுற்றிக் கூரைவரை அட்டைப்பெட்டி. கட்டில் போட்டது போக நடக்க நாலு எட்டு. திரும்ப நாலு எட்டு. கையை நீட்டினால் நான் விற்கிற சரக்கு. எல்லாவற்றிலும் ‘பாதுகாப்பு’ என்று அச்சடித்திருக்கிறது.

மகள் போன் செய்தாள். குரல் கம்மிப் போயிருந்தது. அந்த பஸ் டிரைவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். நம்மிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே இருமலாம்.

“இருமல் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்காருப்பா. போன்ல நல்லாத் திட்டிட்டேன். என்கிட்ட யாரும் கேக்கவே இல்லன்னு சாதிக்கிறாரு. நீங்க கேட்டீங்கதானே?”

“கேட்டேம்மா.”

எத்தனையோ பேரிடம் சரக்கைப் பற்றிக் கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அது வியாபாரம். இது நாக்கிலிருந்து வழுக்கி விழுந்த வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

தெரியாதது மாதிரி மகளிடம் கேட்டேன்: “அவருக்கு இருமல் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை குடுத்து, ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருப்பேன். டிரில்ல கையே வச்சிருக்க மாட்டேன்” என்றாள். “பல்லுல டிரில் ஓடும்போது தண்ணியும் எச்சிலும் சேந்து புகை மாதிரி கிளம்பும்பா. கண்ணுக்குத் தெரியாது. அவர் வாய்க்கும் எங்க மூஞ்சிக்கும் ஒரு ஜாண். நான் பல்லைப் பாத்துக் குனிஞ்சிருப்பேன், அக்கா குழாயோட இன்னும் கிட்ட. அவர் போன பிறகும் அந்தக் காத்து அறைக்குள்ளயேதான் நிக்கும். அதுக்குத்தான் அந்தத் தாளு. மாஸ்க்கு ரெண்டாவது காவல்தான். முதல் காவல் உங்க மேஜை.”

முதல் காவல். என் மேஜை.

பிப்ரவரி 13, வெள்ளி

மூக்கில் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கிளினிக் பக்கம் போனேன். சனிக்கிழமைக்கு என்று டிக் போட்ட நாற்பதில் மீந்த தாள் பதினொன்று. கிழித்துவிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அவள் புருஷன் தையல்காரர், அதிகம் பேசாத மனுஷன். “மூச்சு வாங்குது சார். படுக்க முடியல, உக்காந்தே இருக்கா” என்றார்.  போனை யார் வைத்தது என்று நினைவில்லை.

நாலு எட்டு. திரும்ப நாலு எட்டு.

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். மகள் முகத்தில் முழிக்க முடியாது. தையல்காரர் சட்டையைப் பிடிக்கலாம், பிடிக்கட்டும். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. டிரைவர் பொய்யன் என்று பேராகிவிடும். தாளில் அவர் கையெழுத்து இருக்கிறது. என் பக்கம் எல்லாம் கச்சிதம்.

கச்சிதமாகத்தான் இருக்கிறது. அதுதான் மூச்சை அடைக்கிறது. காய்ச்சல் இன்று இல்லை. ஆனாலும் இந்த அறையிலிருந்து வெளியே போக ஆசை வரவில்லை. போனால் அவளைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் அக்காவே மகளுக்குப் போன் செய்திருக்கிறாள், ஆக்சிஜன் குழாயோடு. டிரைவர் வந்த அன்றைக்கு, முகத்தை மறைக்கிற பிளாஸ்டிக் முகக் கண்ணாடியில் ஆவி படிந்து வாய் உள்ளே ஒன்றும் தெரியவில்லையாம். நடுவில் கழற்றி வைத்துவிட்டாளாம். “என்னாலதான் டாக்டரம்மா உங்களுக்கும் வந்துருச்சு. என் கவனக்குறைவு” என்று அழுதாளாம்.

மகள் இதை என்னிடம் சொல்லிவிட்டு, “அக்கா மேல எனக்குக் கோவம்தாம்பா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்” என்றாள்.

நான் உம் கொட்டினேன். உம்மா கொட்டினே? மனுஷனா நீ? ஒருத்தி மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு உன் தப்புக்கு மன்னிப்புக் கேக்குறா. நீ இங்க மூட்டைக்கு நடுவுல சாய்ஞ்சுக்கிட்டு உம் கொட்டுறே.

பிப்ரவரி 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

போனில்தான். நேரில் நின்றிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது. தினமும் நாற்பது தாளில் முன்னாலேயே டிக் போட்டதைச் சொன்னேன். கேட்டேன் என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். கிழித்ததையும் சொன்னேன்.

  “எல்லாத் தாள்லயும் டிக் ஒரே மாதிரி சாஞ்சிருந்துச்சுப்பா. பாத்தேன். நீங்க அப்படிப் பண்ண மாட்டீங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

திட்டியிருக்கலாம்.

பிறகு: “என்கிட்ட சொன்னது போதாது. டிரைவர்கிட்டயும் அக்காகிட்டயும் நீங்களே சொல்லணும்.” போனை வைத்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டை வைக்க வந்த வீட்டுக்காரி வழக்கம்போலக் கத்தவில்லை. தட்டை வைத்தாள், போனாள்.

பிப்ரவரி 18, புதன்

டிரைவரோடு பேசினேன். வீட்டுக்கு வந்துவிட்டாராம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “யோவ், அந்தப் பொண்ணு திட்டின திட்டுல ரெண்டு நாள் எனக்கே சந்தேகம் வந்துருச்சுய்யா, யாராச்சும் கேட்டு நான்தான் மறந்துட்டேனோன்னு” என்றார். பிறகு அவரே சொன்னார்: “கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேனோ என்னமோ. வலி அப்படி. ஆனா அதைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் குடுத்திருக்கணும்ல?”

பிப்ரவரி 21, சனி

அக்காவுக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். தையல்காரர் போனை அவள் காதில் வைத்தார். சொன்னேன். நடுநடுவே அவள் மூச்சு இழுப்பதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

“அவருக்கு இருமல்னு எனக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா... கண்ணாடியைக் கழட்டியிருக்க மாட்டேன் சார்” என்றாள்.

அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இல்லை, எதிர்பார்த்தேன். பொய் எதற்கு?

பிப்ரவரி 24, செவ்வாய்

அறையைவிட்டு வெளியே வந்தேன். மகள் மெலிந்திருக்கிறாள். ஒரே மேஜையில் சாப்பிட்டோம். உப்பு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். 

மார்ச் 3, செவ்வாய்

கிளினிக்கில் எப்போதோ அடைத்த ஜன்னலை ஆள் வைத்துத் திறந்தோம். காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியும் மாட்டியாயிற்று. முன்மேஜைக்குப் புதுப் பெண் வந்துவிட்டாள். முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். வரிசை வாசல்வரை. நிற்கட்டும்.

அக்காவுக்குப் பத்தடி நடந்தால் இரைக்கிறதாம். இன்னும் மூன்று மாதம் ஓய்வு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாற்காலிப் பக்கம் இனி நிற்க முடியுமா என்பது அப்புறம்தான் தெரியும். குழாய் பிடிக்கப் பழகின ஆள் தேடுகிறோம். இந்தக் காய்ச்சல் நேரத்தில் வருகிறேன் என்று சொன்ன மூன்று பேரும் வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

மகளிடம் கேட்டேன்: “ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் நிக்கட்டுமா?”

 “உங்க வயசுக்கு வேணாம்” என்றாள். ஒருதரம் வந்து போன காய்ச்சல் கொஞ்ச நாள் அண்டாது என்றேன். “அதுக்கு யாரும் கேரண்டி தரல. வேற எது வேணா வரலாம்” என்றாள். பிறகு, “நகம் வெட்டிட்டு வாங்க” என்றாள்.

மார்ச் 9, திங்கள்

காலை ஒன்பது மணியிலிருந்து நின்றேன். மாஸ்க், முகக் கண்ணாடி, கவுன், இரண்டு கையுறை. எல்லாம் என் கடைச் சரக்கு. ஒன்றையும் ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்ததில்லை. காதுக்குப் பின்னால் அறுக்கிறது. கண்ணாடியில் ஆவி படிகிறது. துடைக்கக் கை இல்லை. வாய்க்குள் இருக்கிற பல் மங்கலாகத் தெரியும்போது அதைக் கழற்றி எறியத்தான் தோன்றுகிறது. பத்து நிமிஷத்திலேயே தோன்றியது. அக்கா எட்டு வருஷம் நின்றிருக்கிறாள்.

நாலாவது ஆள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மகள் டிரிலை வைத்தாள். விளக்கு வெளிச்சம் சாய்வாக விழுந்ததில் முதல் தடவையாகப் பார்த்தேன், அவர் வாயிலிருந்து பொடிப்பொடியாக ஒரு ஈரம் எழும்பி நேராக என் மகள் முகத்தை நோக்கிப் போவதை. குழாயைக் கிட்டத்தில் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அரை விரல் விலகினால் மேலே போகிறது.

திடீரென்று அவர் தொண்டையில் தண்ணீர் இறங்கி இருமினார். புரையேறினதுதான். ஆனாலும் என் உடம்பு முழுக்கப் பின்னால் போகச் சொன்னது. முதுகுக்குப் பின்னால் சுவர். முன்னால் நாற்காலி.

“அப்பா, கிட்ட” என்றாள் மகள், தலை நிமிராமல்.

குழாயை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனேன்.