விரித்தாலும் பெரிதாகாத பக்கம்

அக்கா,

இன்று காலை பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் வரும் பேருந்தில், என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் கையில் சொல்யூஷன் வாசம் அடித்தது. தோலை ஒட்டும் அந்தப் பசையின் வாசம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. உங்கள் போன் உறையிலும் அதே வாசம்தான் இருக்கும். அந்தப் பெண் போனைத் திறந்தபோது நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அதே பேருந்தில்தான் முன்பு உங்களிடம் சொன்னேன், வேறு பெயரில் ஒரு வலைப்பூ எழுதுகிறேன் என்று. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஷூ கம்பெனியில் எல்லோரும் என்னைப் ‘படிச்ச பொண்ணு’ என்று சொல்லித் தள்ளி நின்றபோது, நீங்கள் மட்டும் ஜன்னலோர இடத்தைப் பிடித்து வைத்துக் கூப்பிடுவீர்கள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா.”

“நான் யார்கிட்ட போய் சொல்லப் போறேன்? ஆனா எழுத்து இன்னாம்மா, எறும்பு ஊர்ற மாதிரி கீது. கொஞ்சம் பெருசா போட்டா உன் சொத்து கரைஞ்சிடுமா?”

சிரித்துவிட்டு மறந்துபோனேன். என் பக்கத்தை விரல்களால் விரித்தாலும் எழுத்து பெரிதாகாது. யாரும் திருடிவிடக் கூடாதென்று, நகலெடுக்க முடியாதபடியும் பூட்டி வைத்திருந்தேன். திருடும் அளவுக்கு அதில் என்னதான் இருந்ததோ.

பிறகு அந்த அட்டை விஷயத்தை எழுதினேன். ஒரு லைனுக்கு இரண்டே அட்டை. அது கையில் இருந்தால்தான் கழிவறைக்குப் போகலாம். கம்பெனி பெயர் போடவில்லை. இருந்தும் இரண்டு வாரத்தில் மேனேஜர் எங்கள் ஆபீஸ் அறைக்கு வந்து நின்றார். “நம்ம கார்டு மேட்டரை எவனோ நெட்டுல எழுதிக்கினு இருக்கான். யாருன்னு தெரிஞ்சா அன்னைக்கே வெளிய.” எவன் என்றுதான் சொன்னார். இருந்தும் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டில் அப்பா படுத்த படுக்கை. தம்பி கல்லூரியில். அந்த வேலை போனால் எங்களுக்கு வேறு வழியில்லை.

தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

மறுநாள் பேருந்தில் நீங்கள் எதையோ தேடிப் போனைத் தள்ளிக்கொண்டே போனீர்கள். வரிசை வரிசையாக என் பதிவுகள். அத்தனையும் ஸ்கிரீன்ஷாட்டாக. அட்டை பற்றி எழுதியது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, துண்டு துண்டாக. நீங்கள் திரும்பியதும் நான் வெளியே பார்த்தேன். அன்று மாலை கடைசி இருக்கைக்குப் போய்விட்டேன்.

“இன்னா தோஸ்த், எங்கள விட்டுட்டு பின்னால போய்ட்ட?” என்று பேருந்தே கேட்கும்படி கூப்பிட்டீர்கள். தலைவலி என்றேன். ஒரு வாரம் தலைவலித்தது.

அந்த வாரத்தில்தான் கண் பரிசோதனைக்குப் பட்டியல் அடிக்கச் சொன்னார்கள். உங்கள் செக்கிங் ஆட்களில் பத்துப் பேர் மட்டும். மிச்சம் பேருக்கு அடுத்த வருஷம். யார் பத்து என்பதை யாரும் சொல்லவில்லை, அடிப்பவள் விருப்பம். முன்பொரு முறை நீங்கள் சொல்லியிருந்தீர்கள்: “அதெல்லாம் பேஜாரும்மா. என் பேர கடைசில தள்ளிவுடு.” சோம்பல் என்று நினைத்திருந்தேன். அந்த முறை உங்கள் பெயரை முதலில் அடித்தேன். சாப்பாட்டு நேரம் போய் வரிசையில் நிற்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன் என்று இன்றும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். முழுதாக நம்ப முடியவில்லை.

சர்க்கரை உங்கள் கண்ணின் உள்ளே போய்விட்டது, கண்ணாடி போட்டும் பயனில்லை என்றார்கள். ஷூவின் மேல்தோலைத் திருப்பித் திருப்பி, தையல்மேல் கட்டைவிரலை ஓடவிட்டு, பழுது என்று விரல் நின்ற இடத்தில் வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவீர்களே, அதை ஸ்டைல் என்று நினைத்திருந்தோம். உங்கள் கையிலிருந்து போன ஜோடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உங்களை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்றார்கள். வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் மகள் போனை என்னிடம் நீட்டினாள். “உங்க பக்கம் பெருசே ஆவாதாமேக்கா. அம்மா போட்டோ புட்ச்சி வெச்சிக்கினு, அத விரிச்சி விரிச்சிப் படிப்பாங்க. ஒரு வரி படிக்க அவ்ளோ நேரம்.”

மேனேஜரிடம் யார் சொன்னது என்பது இன்றுவரை தெரியாது. ஒருநாள் மதியம் ஆபீஸ் கணினியிலேயே என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், அதுவாகவும் இருக்கலாம். எல்லோரையும் ஒரு சுற்று சந்தேகித்துவிட்டு, இப்போது என்னிடமே வந்து நிற்கிறேன்.

போன வாரம் என் பக்கத்தின் தலையில் மூன்று பொத்தான் வைத்தேன். சின்ன அ, நடு அ, பெரிய அ. இலவசமாகக் கிடைத்த நிரலை அப்படியே ஒட்டியிருக்கலாம். ஆனால் அது எங்கிருந்தோ எதையோ இழுத்தது. ஒவ்வொரு வரியாகத் தோண்டினேன். எந்த ஊரில் யார் எத்தனை முறை அழுத்தினார்கள் என்று குறித்து எனக்கே அனுப்புமாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே எழுதினேன். விரல்களுக்கான பூட்டையும் எடுத்துவிட்டேன். யார் பெரிய அ-வை அழுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

பெட்டி மடிக்கப் போன முதல் நாள் மாலை, நீங்களே கடைசி இருக்கைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். இறங்கும்போதுதான் கேட்டீர்கள்.

“லிஸ்ட்டுல மொத பேரு என்னுதாமே. அகர வரிசையாம்மா?”

“ஆமாங்கக்கா.”

“அப்போ சரி” என்று என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினீர்கள்.

உங்கள் பெயர் ‘வ’-வில் தொடங்கும், அக்கா. அது உங்களுக்குத் தெரியாதா என்ன.