எதிர்வாசல் கேமரா

அன்புள்ள சித்ரா,

அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? பரணி சாப்பிட்டுவிட்டுத்தான் பரீட்சைக்குப் போகிறாளா? இங்கே நான் சுகம்.

போன வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் டிசைன் ஃபைல் திறக்கவே பாதி நாள் போயிற்று. எல்லாம் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில்தானே இருக்கிறது. பனியன் சாம்பிள் தாமதமானால் ஆர்டர் எதிர்வாசல் கம்பெனி பூபாலனுக்குப் போய்விடும். அவனுக்கு மட்டும் எல்லாம் ஓடுகிறதே என்று வயிறு எரிந்தது.

சரிபார்க்க வந்த வேல்குமார் ஒயரை மாற்றினார், ஸ்விட்சை மாற்றினார். கடைசியில் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, ரோட்டுப் பக்கம் பாக்குற கேமரா அத்தனையும் நாள் பூரா இந்தப் பெட்டியிலதான் பதியுதுங்க. அப்புறம் ஃபைலுக்கு எங்கீங்க வழி?"

ஆர்டர் கொடுக்கிற பையர் யாருடைய கார் பூபாலன் வாசலுக்கு வருகிறது என்று பார்க்க நான்தான் அவற்றை மாட்டச் சொன்னேன். ஒரு காரும் அகப்படவில்லை. மத்தியானமானால் அவன் மனைவி நிர்மலா சாப்பாட்டோடு வருவாள். இருவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆர்டரைவிட அதைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை.

கேமராக்களைக் கழற்றியாயிற்று. ஃபைல் சட்டென்று திறக்கிறது, சாம்பிளும் போய்விட்டது.

அருப்புக்கோட்டையிலிருந்து யாராவது இங்கே வந்தால் குழம்புப் பொடி கொடுத்துவிடு. பரீட்சை முடிந்ததும் நீயும் வந்துவிடு. நிர்மலா கொண்டுவருவது மூன்றடுக்கு கேரியர். நான் நாலடுக்கு வாங்கி வைத்திருக்கிறேன். லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன்
ரத்தினசாமி