எடை பார்த்த நாள்

கொழிஞ்சாம்பாறை
9 அக்டோபர் 2025

அன்பு அக்காவுக்கு,

துரை எழுதுவது. போனில் பேசினால் சாட்சியைக் கலைத்ததாக இன்னொரு குற்றமும் சேரும் என்று வக்கீல் பயமுறுத்துகிறார். அதனால் பரீட்சை எழுதுவதுபோலத் தாளில் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ எழுதிய காயச் சான்றிதழைப் பார்த்து மஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிட்டார்; நான் சஸ்பென்ஷனில் ஊருக்கு வந்து வீட்டில் இருக்கிறேன். அம்மா தோசையை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். தை மாதம் கல்யாணம். பெண் வீட்டாருக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

மோட்டார் திருட்டுக் கேசில் பிடித்த வீரபாண்டியை, கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் முன் உன்னிடம் கூட்டி வந்தது என் ஆட்களின் முட்டாள்தனம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அன்று லீவு. எஸ்.ஐ.யின் அக்காதானே, ஆளை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்துவிட்டார்கள். எழுதியதை மாற்றச் சொல்லவில்லை. விசாரணையில் கேட்டால், வெறுங்காலோடு பாறையில் நடக்கிறவன், பழைய காயமாகவும் இருக்கலாம் என்று மட்டும் சொல்.

உன் தம்பி
தங்கதுரை


அகளி
14 அக்டோபர் 2025

அன்புள்ள துரை,

எஸ்.ஐ. ஆகியும் உன் கையெழுத்து கோழி கிளறியதுபோலத்தான் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் ஹெட் கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே வந்தார். "நம்மூட்டு டாக்டரம்மான்னுதானுங்க இங்க கூட்டியாந்தோம்" என்றார். அவரை வெளியே நிற்கச் சொன்னேன். யார் வந்தாலும் நான் முதலில் எடை பார்ப்பேன், உனக்கே தெரியும். காய்ச்சலில் வந்த உன்னையே ஏற்றி இறக்கியிருக்கிறேன். வீரபாண்டியைக் குளிக்க வைத்து, புதுச் சட்டை போட்டுத்தான் அனுப்பியிருந்தீர்கள். மெஷினில் ஏறியவன், முள் நிற்பதற்குள், "நிக்க முடியலீங்க" என்று உட்கார்ந்துவிட்டான். இரண்டு பாதமும் வீங்கிக் கறுத்திருந்தன. இரண்டு நாளுக்குள் பட்ட அடி. பாறையில் நடந்து அப்படி வராது. உள்ளதை எழுதி, சட்டப்படி ஒரு நகலை அவன் கையிலும் கொடுத்தேன்.

உன் ஸ்டேஷன் என்று தெரிந்துதான் எழுதினேன். எனக்கு ஒன்று மட்டும் சொல். அவனை அடிக்கும்போது நீ எங்கே இருந்தாய்?

அக்கா
யோகப்பிரியா


கொழிஞ்சாம்பாறை
22 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

முன்னறையில் எழுத்து வேலையாக இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தண்ணீர் மோட்டாரைப் பறிகொடுத்தவர்கள் தினமும் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது புரியாது. கூடப் பிறந்தவள் வந்து இணைச்சீர் செய்யாமல் நம்மில் மாப்பிள்ளை மணவறை ஏறுவதில்லை. எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு எந்த முகத்தோடு என் பக்கத்தில் உட்காருவாய்? அம்மா நேற்றுதான் வாய் திறந்தாள்: "பொறந்தவன உள்ள தள்ளிப்போட்டு சீர்க்கூடை தூக்குவாளாமா?"

யோசித்துப் பார்.

தங்கதுரை


அகளி
19 நவம்பர் 2025

அன்புள்ள துரை,

நேற்று விசாரணையில் நான் சொன்னதை நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். பழைய காயமாக இருக்கலாமா என்று உன் வக்கீல் மூன்று முறை கேட்டார். இல்லை என்று மூன்று முறையும் சொன்னேன். வீரபாண்டி இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான். நீ அவனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

உனக்குச் சோறு கொண்டுவந்த நாளில் உன் ஸ்டேஷனைப் பார்த்திருக்கிறேன். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அங்கே ஒருவர் தும்மினால் இங்கே கேட்கும். கேட்கவில்லை என்று எனக்கு எழுதியதுதான் பொறுக்கவில்லை. கோர்ட்டுக்குச் சொல்வதை அக்காவுக்கும் சொல்கிறாயே.

இணைச்சீருக்குப் பச்சைச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். உன்மேல் கோபம்தான். ஆனாலும் கூப்பிட்டால் வருவேன்.

அக்கா
யோகப்பிரியா


கொழிஞ்சாம்பாறை
3 டிசம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

விஷயம் தெரிந்து பெண் வீட்டார் கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். எப்போது நடந்தாலும் பெரியப்பா மகள் பூவாத்தாள் இணைச்சீர் செய்யட்டும். கோபத்தில் சொல்லவில்லை. உன் பக்கத்தில் உட்கார எனக்குத் தெம்பில்லை.

நமக்குள் தோட்டத் தகராறு என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் சாட்சி நிற்காது என்று வக்கீல் சொன்னார். அப்படியொரு தகராறு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இது. அன்று ஸ்டேஷனில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் முன்னறையில் இல்லை. ஹெட் கான்ஸ்டபிள் லத்தியால் அடித்தார். வீரபாண்டியின் கால்களை அசையாமல் பிடித்திருந்தவன் நான்.

இதை அடுப்பில் போடாதே.

தங்கதுரை