விஸ்வநத்தம் ஆபீசில் காலியாகக் கிடந்த நாற்காலி

பாசமும் கோபமும் ஒன்றுபோல வைத்திருந்த என் மாமாவுக்கு,

சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. அதனால் சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. போன திங்கட்கிழமை மதுரை ஆபீசில் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, திருமங்கலம் வருவதற்குள் நான்கு தடவை படித்துவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா பாவப்பட்டு, “என்னம்மா, கோர்ட்டு நோட்டீஸா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேரே உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்று, “கேட்டீகளா? பிள்ளைக்கு வேலை நெலச்சிருச்சாம்!” என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தினார். உங்களுக்குக் காது மந்தம் என்பதை அவர் இன்னும் மறக்கவில்லை.

போன ஆடியை நினைத்துப் பார்க்கிறேன் மாமா. எட்டு வருஷம் நான் உட்கார்ந்திருந்த இடம் நீங்கள் வாங்கிக் கொடுத்தது. விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியின் தலைமைக் கணக்கர் சொன்னால் முதலாளி மறுப்பாரா? பி.காம். படித்த மருமகளை உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தீர்கள். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் நான் அங்கேயே லாரியில் ஏறுகிற சரக்குக்கு லோடு பில் போட்டேன், சரக்கு இருப்பு எழுதினேன், வரிக் கணக்கு அனுப்பினேன். ஒன்றும் குறையில்லை. ஆனால் நாளைக்கு என்ன வேலை என்று நேற்றே தெரிந்துவிடுகிற வாழ்க்கை எனக்கு அலுத்துப்போயிருந்தது. இதை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

ஒரு வருஷம் விடியற்காலையில் எழுந்து போனில் பாடம் கேட்டேன். காதில் மாட்டிக்கொண்டு பக்திச் சொற்பொழிவு கேட்கிறேன் என்று நினைத்து நீங்கள் ஆமத்தூர் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டீர்கள். கடைசியில் மதுரையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிப் பிடிக்கிற வேலை. ஆறு மாதம் பார்ப்பார்கள், சரிப்படவில்லை என்றால் அனுப்பிவிடுவார்கள். அதையும் உங்களிடம் சொல்லவில்லை, அத்தையிடம் மட்டும்தான் சொன்னேன்.

எவ்வளவு கோபம் உங்களுக்கு! “சீசன் நேரத்துல கம்பெனியக் கைவிட்டுட்டுப் போறேங்கிறியே, நாளைக்கு நான் மொதலாளி மொகத்துல எப்படி முழிப்பேன்? முப்பத்தி நாலு வயசுல சின்னப்பிள்ளைகளோட போயி ஒக்காரப் போறியாக்கும்? ஊரான் செஞ்ச தப்பத் தேடுறதுக்குப் பேரு வேலையா?”

“ஆடிட்டரும் அதத்தானே மாமா செய்றாக?” என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்கு நிறுத்திய பேச்சை நீங்கள் நான்கு மாதம் எடுக்கவில்லை.

மறுநாள் அதைவிடப் பெரிதாக ஒன்று செய்தீர்கள். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, நான் ஏறுகிற அதே கம்பெனி வேனில் ஏறிப் போய், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டீர்கள். கண்ணில் புரை எடுத்து முழுதாக ஒரு மாதம் ஆகவில்லை. “மருமக அம்போன்னு விட்டுட்டுப் போன வேலைய, பாவம், பெரிய மனுசன் பாக்காரு” என்று ஊரில் பேசினார்கள். என்னைக் குத்திக்காட்டத்தான் போகிறீர்கள் என்று நான் மனசுக்குள் வெந்தேன். மன்னித்துவிடுங்கள் மாமா, அந்த நாட்களில் உங்களை நிறையத் திட்டியிருக்கிறேன்.

ஆனால் கம்ப்யூட்டர் உங்களுக்கு வசப்படவில்லை. என்னிடம் கேட்கவும் ரோஷம் விடவில்லை. சாயங்காலம் நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம். நீங்கள் அத்தையைப் பார்த்து, “ஒரு லோடு பில்ல ரத்து பண்ணணும்னா எங்கன அமுக்கணும்னு கேளு” என்பீர்கள். அத்தை கழுத்தைத் திருப்பி, “மாமா கேக்காக…” என்று ஆரம்பிப்பார். நான் அத்தையிடம் சொல்வேன், அத்தை உங்களிடம் சொல்வார். அதற்குள் பாதியை அவர் மறந்திருப்பார். உங்கள் மகன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு எழுந்து போய்விடுவார்.

மதுரையில் என் பாடு உங்களுக்குத் தெரியாது. அங்கே எல்லோருக்கும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசு. என்னை “கணக்கக்கா” என்று கூப்பிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். கணக்கு எழுதியவள் என்பதை மறக்கடிக்க வேண்டும் என்று அவர்கள் பேசுகிற வார்த்தையெல்லாம் பேசப் பழகினேன். எட்டு வருஷத்தைத் துடைத்துப் போட்டால்தான் புது வேலைக்கு லாயக்கு என்று ஒரு முட்டாள்தனம்.

கார்த்திகையில் அது என்னை மாட்டிவிட்டது. ஒரு ஜவுளிக்கடைக்காக நாங்கள் செய்த பில்லிங் மென்பொருளை நான் சோதித்தபோது, மொத்தத் தொகையில் 2,700 ரூபாய் இடித்தது. மூன்று நாள் புரோகிராமை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தப்பே இல்லை. “உங்க டெஸ்ட்தான் தப்பு போல” என்று எங்கள் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை என்னை வைத்துக்கொள்வதா என்று பேசப் போகிறார்கள் என்றும் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இதைச் சொல்லி அழுதேன். நீங்கள் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காத காது, வேண்டியதை மட்டும் எப்படித்தான் பிடிக்கிறதோ! பேப்பர் பட்டென்று கீழே இறங்கியது.

“ஏத்தா, ஒம்பதால வகுத்துப் பாத்தியா?”

நான்கு மாதத்துக்கு அப்புறம் நீங்கள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குக் கை நின்றுவிட்டது. இடிக்கிற தொகை ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபட்டால், ஏதோ ஓர் எண்ணில் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்புண்டு. கணக்கு எழுதுகிற யாருக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்கும் தெரியும். ஆனால் தோன்றவே இல்லை.

“எட்டு வருசம் பாத்த வேலைய அங்கன போனதும் கழட்டி வச்சுட்டியாக்கும்? அது என்ன செருப்பா, வாசல்ல விட்டுட்டுப் போறதுக்கு?”

திங்கட்கிழமை போய்ப் புரோகிராமைத் தொடவே இல்லை. கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலை எடுத்து, கையால் அடித்து ஏற்றியதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பதினோரு மணிக்கு அகப்பட்டது. 8,500 ரூபாய்ப் பட்டுச்சேலை 5,800 என்று ஏறியிருந்தது. அப்புறம் யாரும் செவ்வாய்க்கிழமைப் பேச்சை எடுக்கவில்லை. “கணக்கக்கா” என்று கூப்பிட்டார்கள். இந்தத் தடவை திரும்பிப் பார்த்து, “என்ன?” என்றேன்.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது இரண்டு மாதம்தான். தீபாவளி முடிந்து வேலை குறைந்த பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் நீங்கள் விஸ்வநத்தம் போவதை விடவில்லை. “சீசன்தான் முடிஞ்சிருச்சே மாமா, எதுக்கு அலையுதீக?” என்று கேட்டதற்கு, “ஒனக்கென்ன?” என்றீர்கள். பொங்கல் முடிந்த வாரம், வேனுக்குக் கிளம்பிச் சட்டை போட்டவர் கட்டிலில் உட்கார்ந்தீர்கள். மறுபடி எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் முதலாளி வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் என்னைக் கூப்பிட்டார். “ஒங்க மாமா எதுக்கு வந்து ஒக்காந்தாகன்னு தெரியுமாம்மா? ‘அங்கன ஆறு மாசம் பாப்பாகளாம். வேண்டாம்னு அனுப்பிட்டாகன்னா எம் பிள்ளை வந்து ஒக்கார ஒரு எடம் இருக்கணும், வேற ஆள் போட்டுறாதீக’ன்னாக. சம்பளங்கூட வாங்கல. அவுக போயிட்டாலும் நான் குடுத்த வாக்கு வாக்குதான். நீ ஒன் வாயால சொல்ற வரைக்கும் அந்த நாற்காலி அப்படியே கெடக்கும்.”

ஏன் மாமா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அந்த நான்கு மாதமும் மனசுக்குள் உங்களோடு சண்டை போடாமல் இருந்திருப்பேனே? அத்தையைக் கேட்டால், “சொன்னா நீ அத நம்பி அங்கன சுணங்கிருவியாம்” என்று கண்ணைத் துடைத்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது!

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கே முதலாளியிடம் “எனக்கு வேண்டாம்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு மாதம் முடிய இன்னும் சில வாரம் இருந்தது. பயமாக இருந்தது. அந்த நாற்காலி அங்கே இருக்கிறது என்ற நினைப்பில்தான் மீதி நாளும் மதுரைக்குப் போய் வந்தேன்.

கடிதம் வந்த அந்த வாரமே, சனிக்கிழமை, கம்பெனி வேனில் ஏறினேன். ஆபீசில் நாற்காலியின் மேல் உங்கள் பச்சைத் துண்டு மடித்தது மடித்தபடி கிடந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காளீஸ்வரி என்ற பெண் பில் அடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் வராத நாளில் பில் அடிக்கத் தற்காலிகமாகக் கார்த்திகையில் சேர்ந்தவளாம், அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஸ்டூல்தானாம். நான் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்து துண்டை எடுத்துக்கொண்டேன்.

“நெசமாவே ஒக்காரலாமாக்கா? பெரியவுக யாரையும் விடக் கூடாதுன்னு சொல்லிருக்காகளே?”

“ஒக்காரு. இனிமே வைய மாட்டாக.”

அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள் மாமா. எனக்கும் அப்போதுதான் மூச்சு சரியாக வந்தது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் வீட்டில் இனி யார் புதிதாக ஒன்றைத் தேடிக் கிளம்பினாலும், திரும்பி வந்தால் உட்கார அவர்களுக்கு ஓர் இடம் பிடித்து வைப்பேன். ஆனால் உங்களைப் போல வாயை மூடிக்கொண்டு அல்ல. அவர்கள் கிளம்புகிற அன்றைக்கே சொல்லிவிட்டுப் பிடித்து வைப்பேன்.

என்றும் உங்கள் மருமகள்,
கணக்கக்கா செல்வராணி,
ஆமத்தூர்.